சிங்கப்பூரில் மணி ஏழு

அத்தையிடம் நான் சொன்ன பொய் இரண்டு மணி நேர அளவுள்ளது. அதற்குக் காரணம் ஒரு சினிமா.

எண்பதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் எங்கள் வரிசை வீடுகளில் அத்தை வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்த மாமா, சிங்கப்பூரில் வேலை கிடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் விமானம் ஏறினார்.

ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வேலூருக்குப் போனவர் எப்போது சேருவார் என்று எல்லோருக்கும் தெரியும். விமானக் கணக்கு யாருக்கும் தெரியாது. பெருக்காத வீட்டில் ஆட்களை உட்காரவைக்க அத்தைக்கு மனம் வராது. ஆறு மணிக்குப் படம். தெருப் பிள்ளைகள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னாடா வாத்தியாரே, இங்கிலீஷ்லாம் படிக்கிறியே, ப்ளேன் எப்போடா போய்ச் சேரும்?" என்று அத்தை கேட்டாள்.

மாமா காட்டிய டிக்கெட்டில் மாலை ஏழு என்று போட்டிருந்ததை நான் படித்திருந்தேன். இருந்தும் பள்ளி வரைபடப் புத்தகத்தை விரித்து, மெட்ராசுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அடிஸ்கேலை வைத்து, கடல்மேல் ஏதோ முணுமுணுத்தேன். விடை ஆறு மணிக்குள் வருமாறு பார்த்துக்கொண்டேன்.

"மூவாயிரம் கிலோமீட்டர் அத்தை. நாலு மணி நேரம்தான். அஞ்சு மணிக்கெல்லாம் எறங்கி டீ குடிச்சிகினு இருப்பாரு."

அத்தை ஐந்து மணிக்குப் பெருக்கினாள். படம் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, நலம் என்று மாமாவின் கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆனால் சில மாதங்களில் இன்னொரு கடிதம் வந்தது. மிஷினில் மாட்டி மாமாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அதன்பின் நான் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் போகவில்லை. படிப்பில் அக்கறை வந்துவிட்டதாக அப்பா பெருமைப்பட்டார். அத்தைக்குத் தெருக் குழாயில் தினமும் தண்ணீர் அடித்துக் கொடுத்தேன். ஏனென்று அவள் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் வேலை நிமித்தம் நானே சிங்கப்பூர் போனேன். இறங்கும்போது என் கைக்கடிகாரத்தில் நாலரை. விமான நிலையக் கடிகாரத்தில் ஏழு. அந்த ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம்தான். மாமாவின் டிக்கெட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றியதில்லை. டிக்கெட்டில் இருந்த ஏழு, சிங்கப்பூர் ஏழு. நான் பொய்யென்று நினைத்துச் சொன்னது நிஜமாகவே நடந்திருக்கிறது.

திரும்பி வந்ததும் அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை.

"ஏழு மணின்னு உங்க மாமா எங்கிட்ட சொல்லிட்டுத்தாண்டா போனாரு. ஊட்ல தனியா குந்திகினு கடியாரத்தையே பாக்க முடியல. நீ ஒண்ணு சொன்னியா, அதான் சாக்குன்னு தொடப்பத்த எடுத்துட்டேன். வெரலு போனதுக்கு நாந்தான் காரணம்னு இத்தினி வருசமா…" சொல்லி முடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நா பெருக்கறப்போ அவுரு எறங்கிட்டாரா?"

"எறங்கி அரை மணி ஆச்சு அத்தை."

மாமா ஊரோடு வந்து சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவரை உள்ளேயிருந்து கூப்பிட்டு, அவர் முன்னால் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"மிஷின்ல கைய வுட்டது நானு. அதுல நீங்க ரெண்டு பேரும் இன்னாத்துக்குப் பங்குக்கு வர்றீங்க?"

அந்த வயதில், பயந்துகொண்டிருப்பது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். மாமா சொன்னதற்குச் சிரித்தாலும் அத்தைக்கு அது போதவில்லை. சோறு போடும்போது மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.