ஒரு பக்கம் மட்டும் சீவிய மரங்கள்

மலேசியாவில் சிகாமட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். மலைமேல் பழைய கல்கோட்டை கிடக்கிறதென்று கேட்டு, நானும் மச்சான் மாரியும் ஆறு நாள் அரிசியோடு கிளம்பினோம். வழி தெரிய மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிக்கொண்டே ஏறினேன். மூன்றாம் நாள் பாசி பிடித்த கோட்டைச் சுவரைத் தொட்டுவிட்டோம்.

இறங்கும்போது ஒரு வெட்டையும் காணோம். வழி தப்பினால் மூன்று நாள் அரிசிதான், அப்புறம் சாவுதான்.

“அலமாக்! வெட்டுனியா மச்சான், கனவு கண்டியா?” என்றான் மாரி.

ஒரு மரத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். வெட்டு அடிவாரத்தைப் பார்த்த பக்கம் இருந்தது. ஏறும்போது என் முகத்துக்கு நேரே மட்டும் சீவியிருக்கிறேன்.

“ரப்பர் மரம் மாதிரி இங்கயும் ஒரு பக்கம் வெட்டுனா பால் வடியும்னு நெனச்சியாக்கும்,” என்றான்.

மரம் மரமாகச் சுற்றிப் பார்த்தே இறங்கி, மூன்றாம் நாள் தோட்டம் சேர்ந்தோம்.

இப்போது காட்டில் ஒரு மரத்தைச் சீவினால், அதைத் தாண்டி நின்று, திரும்பி, மறுபக்கமும் சீவுகிறேன்.