மகள் நறுக்கிய தண்டு

எழுபதுகளின் கடைசியில் என் அக்கா பிரான்சிலிருந்து காரைக்காலுக்குத் தனியாகத் திரும்பி வந்தாள். அத்தான் மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டு அக்காவை மட்டும் அனுப்பிவிட்டார். அவள் பெட்டியில் ஒரு பாட்டில் ஜாம் இருந்தது. ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டைத் தாயும் மகளுமாக நறுக்கிக் காய்ச்சியது.

மகளின் ஏழாவது பிறந்தநாளன்று அந்த ஜாமை மைதா மாவுக்குள் வைத்துச் சோமாசி போல மடித்தாள். அங்கே மகளின் பிறந்தநாளுக்கு அதைத்தான் செய்வாளாம். கேக் சுடும் அடுப்பு எங்களிடம் இல்லை. அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, மடித்தவற்றை ஒரு தட்டில் அடுக்கி உள்ளே வைத்து மூடி, மூடிமேல் கரித்தணலைப் பரப்பினோம்.

திறந்தபோது மடிப்புகள் எல்லாம் விட்டிருந்தன. ஜாம் தட்டைத் தாண்டி மணலில் வழிந்து கருகிக் கிடந்தது.

"போவுது விடுக்கா. மாங்காயில ஜாம் காய்ச்சி மறுபடி செய்வோம்" என்றேன்.

"அவ கையால நறுக்குனதுடி அது" என்றாள். கருகியதைக் கரண்டியால் மணலோடு சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். தடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

மகளுக்கு அவள் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மூன்றாம் வருடம் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். எழுதச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.