வெள்ளைத்தாளுக்கு அடியில் ஒரு ராஜா

எத்தனையோ சாம்ராஜ்யங்களைக் கரும்பலகையிலேயே கவிழ்த்தவர் வரலாற்று வாத்தியார். ஆனால் வகுப்பில் ஒரு கை உயர்ந்தால் போதும், கீழே விழாத சாக்பீஸைத் தேடிக் குனிந்துவிடுவார். மேலிடத்து உத்தரவுப்படி, பாடப்புத்தகத்தில் ராஜா போரில் தோற்ற பக்கத்தின்மீது பிள்ளைகளை விட்டே வெள்ளைத்தாள் ஒட்டவைத்தார். அதுவரை புத்தகத்தையே திறக்காதவர்கள், அந்தப் பக்கத்தை மட்டும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்து முடித்தார்கள்.

இன்று கடைசி பெஞ்சில் பள்ளி ஆய்வாளர். ஒரு வார்த்தை பிசகினால் வேலை போய்விடும்.

வகுப்பின் வாயாடி எழுந்தாள். "சார், ராஜா தோத்துட்டாராமே, நெஜமா?"

வாத்தியார் காலிக் கரும்பலகையை அழிக்கத் திரும்பினார். "அந்தப் போர் இன்னும் முடியலம்மா, உக்காரு."

"எண்ணூறு வருஷமாவா சார்?"

வகுப்பு சிரித்தது. ஆய்வாளர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. சொல்லுங்க சார், நானும் தெரிஞ்சுக்கறேன்" என்றபடி பேனா மூடியைக் கழற்றினார்.