நுவரெலியாவுக்கு ஒரு வாளி மண்

எங்கள் ஊரில் நாயை வீட்டுக்குள் வளர்ப்பதில்லை. வயலுக்குக் காவலாக வைத்துக்கொள்ளலாம், சோறு போடலாம், இரக்கப்படலாம். தொடுவதற்குத்தான் யோசிக்க வேண்டும். நாய் நக்கிவிட்டால் அந்த இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். குர்ஆன் ஓத ஓதப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்பது வயதில் எனக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த ஆள், மாவடிப்பள்ளியில் எங்கள் வயலின் காவல் குடிசையான வாடியில் கிடந்த செம்பன் என்ற நாய்தான்.

அந்த வருடம் பெரும்போகம் நன்றாக விளைந்திருந்தது. சித்திரை விடுமுறைக்கு எல்லோரும் நுவரெலியா போவதென்று மாமா தீர்மானித்தார். மாமா உம்மாவின் தம்பி, பகிடிக்காரர். மலைகளுக்கு நடுவில் ஒரு குளம், அதில் அன்னப்பறவை வடிவத்தில் காலால் மிதித்து ஓட்டும் படகு என்று கைப்பேசியில் படம் காட்டினார். வாப்பா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்தக் குளத்துத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று கேட்டார். எந்த வயலுக்கும் இல்லை, பார்ப்பதற்குத்தான் என்றார் மாமா. பார்ப்பதற்கென்று ஒரு குளத்தை யாரும் கட்டுவார்கள் என்று வாப்பா கடைசிவரை நம்பவில்லை.

இரண்டு கிழமை எங்கள் வீட்டில் வேறு கதையே இல்லை. காஸ் அடுப்பு யாருடையது, பெரிய பானை யாருடையது, எந்த ஆற்றங்கரையில் வேனை நிறுத்திச் சோறாக்குவது என்று உம்மாவும் அவர் தங்கை சாச்சியும் ஓயாமல் பேசினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீடுகளில் கம்பளிச் சட்டைகள் இரவல் வாங்கினோம். வாப்பாவுக்கு ஒரு பச்சைச் சட்டை கிடைத்தது. எங்கள் கல்முனை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்கக் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தவரை நான் கண்டேன். அளவு பார்த்ததாகச் சொன்னார்.

எனக்கு ஒரே ஒரு கவலை. அறுவடை முடிந்ததும் வாடிக் காவல்காரர் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த போகம் தொடங்கும்வரை மிச்சச் சோறும் மீன் தலையும் கொண்டுபோவது வாப்பாதான். மோட்டார் சைக்கிளில் பின்னால் நான் இருப்பேன். வாப்பா வரம்பில் நின்று, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எட்ட நின்றே சோற்றை எறிவார். செம்பன் கிட்ட வந்தால் இரண்டடி பின்னால் போவார். நாங்கள் எல்லோரும் மலைக்குப் போனால் நாலு நாளும் அதற்கு யார் சோறு வைப்பது?

"நாலு நாளைக்கு அது சாகாது புள்ள. அதுக்கும் அல்லாஹ் இரணம் எழுதியிரிப்பான்" என்றார் வாப்பா.

அல்லாஹ் எழுதிய சோற்றை யார் வயலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி. ஆகவே செம்பனும் வர வேண்டும் என்று முடிவெடுத்தேன். வேனின் கடைசி ஆசனத்துக்குக் கீழே அதற்கு இடம். குளிருக்கு உரப்பையில் நாலு கால் ஓட்டை வெட்டிய சட்டை. அன்னப்படகில் முன்பக்கம் அது, பின்பக்கம் நான். இந்தத் திட்டத்தை மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை.

"கொண்டு போகலாம். ஆனா அது ஆரையும் நக்கினா கழுவ மண் வேணுமே. அங்க உள்ள மண்ணெல்லாம் தோட்டக்காரன்ட மண். கேக்காம எடுத்தா ஹராம்" என்றார்.

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. எங்கள் சொந்த வயல் வரம்பில், செம்பன் நடமாடாத மூலையாகப் பார்த்து மண் எடுத்தேன். வெயிலில் காயவைத்து, உம்மாவின் மா அரிதட்டால் அரித்தேன். அரிதட்டுக்காக உம்மாவிடம் வாங்கிய அடி தனிக்கதை. ஆளுக்கு இரண்டு கைப்பிடி என்று கணக்குப் பார்த்து, மூடியுள்ள பெயின்ட் வாளியில் நிரப்பி, மேற்பரப்பை உள்ளங்கையால் சமமாகத் தடவி மூடினேன். அதன்பின் நிம்மதியாக நித்திரை வந்தது.

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு வேன் வந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், முதலில் வயலுக்குப் போய்ச் செம்பனை ஏற்ற வேண்டும் என்றேன். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மூத்த காக்காவும் சிரித்தார். சாரதியும் சிரித்தார். மாமா சொன்னது பகிடி என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செம்பன் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டேன். உம்மா கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை.

முன் ஆசனத்தில் பச்சைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்த வாப்பா மெதுவாக இறங்கினார்.

"வாய்க்கால் துப்புரவாக்கிற வேல ஒண்டு இரிக்கி. மறந்து போனன். நீங்க போய் வாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வயலுக்குப் போற நேரம் நாய்க்கும் சோறு வைப்பன். ஏறு புள்ள" என்றார்.

உம்மா வாப்பாவையே பார்த்தார். வேனுக்குப் பின்னால் போய், வழிக்குக் கட்டிய சோற்றுப் பொதிகளில் இரண்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். நல்ல நேரத்தில் இந்த வாய்க்கால் வேலை வந்தது என்று வாளியை அங்கேயே விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு நான் வேனில் ஏறினேன்.

நுவரெலியா மாமா சொன்னதைவிட அழகாக இருந்தது. பச்சைச் சட்டை என் முழங்காலுக்குக் கீழே தொங்க, கால் சரியாக எட்டாத அன்னப்படகை மிதித்தேன். இவ்வளவு தண்ணீரும் ஒரு வயலுக்கும் பாயாமல் சும்மா கிடந்தது. வாப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்று பின்னேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், வரும் சனிக்கிழமை வாய்க்கால் துப்புரவு, எல்லோரும் மண்வெட்டியோடு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். ஊருக்கு முன்னதாகவே போய் வேலையைத் தொடங்கிய வாப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் வயலுக்குப் போனோம். செம்பன் பாய்ந்து வந்து முதலில் வாப்பாவின் காலடியில் சுற்றியது. அவர் பின்னால் போகவில்லை. பிறகுதான் என் ஞாபகம் அதற்கு வந்து, என் கையை நன்றாக நக்கியது. என் மண்ணுக்கு வேலை வந்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் இருந்த வாளியைத் திறந்தேன். பாதி மண்ணைக் காணவில்லை. நான் சமமாகத் தடவிய இடத்தில் பெரிய விரல்களால் அள்ளிய தடம் இருந்தது.

வாப்பாவைத் தவிர அந்த நாலு நாளும் வீட்டில் யாரும் இல்லை. அழுகையும் கோபமுமாக அவரிடம் போனேன்.

"என்ட மண் வாப்பா. கேக்காம எடுத்தா ஹராம்."

வாப்பா வாளியைப் பார்த்தார். தன் கைகளையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"ஓம் புள்ள, பிழைதான். ஹலாலாக்கிரு" என்றார்.

மன்னித்தேன், பெரிய மனதோடு. மண்ணை எதற்கு எடுத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.