யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், பௌர்ணமி தவிர

கடந்த வெள்ளிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போனேன். சாமி கும்பிட இல்லை, பியானோ பார்க்க. சிரிக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கக்கூடிய பொதுப் பியானோக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் செயலி ஒன்றை ஒரு வருடமாக வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். பச்சைப் புள்ளி என்றால் திறந்திருக்கிறது, சாம்பல் புள்ளி என்றால் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். சோதனைப் பதிப்பைக் கொஞ்சம் பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் சென்னைக்கு வெளியே இருந்த ஒரே புள்ளி, அடி அண்ணாமலை பக்கம் கிரிவலப் பாதையில் அன்சர் பாய் நடத்தும் டீக்கடை. அங்கே பல வருடம் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன் பியானோவை பாயிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். எல்லோரும் வாசிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

அன்று பௌர்ணமி. கூட்டம் இருந்தால் நிறைய பேர் வாசிப்பதைப் பார்க்கலாம் என்று நானே தேர்ந்தெடுத்த நாள். என் மூளையை என்னவென்று சொல்ல!

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்கு அரசுப் பேருந்து ஏறினேன். பத்தரை மணிக்கு ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார். தடுப்பு வைத்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல விடமாட்டாங்கமா, நடந்துடுங்க. மூணு கிலோமீட்டர்தான்" என்றார். "தான்" என்று சொல்ல அவருக்கென்ன, வெயிலில் நடந்தது நான்.

கடையில் பியானோவைக் காணோம். சுவரோரம் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று, அதற்கு முன்னால் நீளமான மேஜை, மேஜைமேல் இரண்டு அண்டா நீர்மோர். கிரிவலம் வருபவர்களுக்கு பாய் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல ஓபன்னு போட்டிருக்கே பாய்! லீவு போட்டுட்டு கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வந்திருக்கேன்."

கைப்பேசியில் பளிச்சென்று பச்சைப் புள்ளி. என் பச்சைப் புள்ளி. அது நான் செய்த செயலிதான் என்று சொன்னதும் அவள் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பெயர் கவிதா. தனியார் பள்ளி ஒன்றில் தற்காலிகப் பாட்டு டீச்சர். திங்கட்கிழமை சென்னையில் அவளுக்கு பியானோ தேர்வு. தேறினால் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை நாளும் பழகியது சின்ன கீபோர்டில்.

"அதுல கட்டை பஞ்சு மாதிரி போகும்கா. நெஜ பியானோல கை வெச்சதே இல்ல. அங்க போயி விரல் நின்னுட்டா, அவ்ளோதான்."

நான் பாயிடம் திரும்பினேன். "தினமும் ஒன்பதுலேருந்து ஆறுன்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க?"

"தினமும்தான். பௌர்ணமிக்கு எப்படிமா தொறக்கறது? போறவங்க வரவங்க ஆளுக்கு ஒரு தட்டு தட்டுவாங்க. போன தடவ ஒரு கட்டை உள்ள போயி வரவே இல்ல. பௌர்ணமின்னா எதுவும் மாமூலா இருக்காதுன்னு இந்த ஊர்ல யாருக்காவது சொல்லணுமா?"

என் செயலியில் ஞாயிறு முதல் சனி வரை ஏழு கட்டங்கள். நிலாவுக்குக் கட்டமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை நான். "இவங்க மட்டும் வாசிச்சா போதும், பியானோ மத்தவங்க கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதானே பாய்?" என்று கேட்டேன். தார்ப்பாயை உருவி, கொடிக்கயிற்றில் திரை மாதிரி கட்டினோம். கவிதா உள்ளே போனாள். யாரும் எட்டிப் பார்க்காமல் காவல் இருப்பதும் மோர் ஊற்றுவதும் என் பொறுப்பு.

இரண்டு மணி நேரம் ஊற்றினேன். திரைக்குப் பின்னால் ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி, திரும்பத் திரும்ப அதே வரிகள். "எங்கேருந்துமா பாட்டு வருது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்பீக்கர் என்று கூசாமல் புளுகினேன். ஓர் அம்மா டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, சவுண்டு ஜாஸ்தி. கொஞ்சம் கம்மி பண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார். பாய் சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அந்த வரிகள் தடுக்காமல் ஓடின. மறுபடியும் ஓடின. எனக்குச் சிலிர்த்துவிட்டது, கரண்டியோடு அப்படியே நின்றேன். கவிதா வியர்வையில் குளித்து வெளியே வந்தாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பௌர்ணமி அன்று பியானோவுக்காகப் போகாதீர்கள். மற்ற நாட்களில் ஆட்டோ கடை வாசல் வரை போகும். வாசிக்கக் காசு கிடையாது, ஒரு டீயாவது குடியுங்கள். மேல்மூடியில் டம்ளர் வைத்தால் பாய் எழுப்பி விட்டுவிடுவார். செயலியில் இப்போது பௌர்ணமிக்கும் கட்டம் இருக்கிறது.

ஆனால் அந்தப் புள்ளியை இன்றைக்குத் தேடினால் கிடைக்காது. கிளம்பும்போது கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் ஞாயித்துக்கெழமையும் வரேன்னு பாய்கிட்ட சொல்லிட்டேன். அக்கா, திங்கக்கெழமை வரைக்கும் இத ஆப்லேருந்து எடுத்துடுங்களேன். வேற யாராவது பார்த்துட்டு வந்துட்டாங்கன்னா?"

எந்தப் பியானோவும் தனி ஒருவருக்கு என்று ஆகிவிடக் கூடாது என்று ஒரு வருடமாகக் கண்டவர்களிடமெல்லாம் வாதாடியவள் நான். அங்கேயே நின்று புள்ளியை மறைத்தேன். இதை ஞாயிறு மாலை எழுதுகிறேன், அவள் இன்னும் வாசித்துக்கொண்டிருப்பாள். நீங்கள் செவ்வாய்க்கிழமை போங்கள்.