கடல்பசு பார்க்க வந்தவர்கள்

தேசியப் பூங்காத் தீவுக்கு அப்பால், மார்கழிக் காற்றில், கடல்பசு பார்க்க வந்தவர்களை ஏற்றிப் படகு ஓட்டினேன். ஒன்று மேலே வந்து ‘புஸ்’ என்று மூச்சுவிட்டது. சிப்ஸ் தின்ற வாயோடு எல்லாரும் கத்தினார்கள். “கடலைக் கும்பிடுற சனங்க, இதைத் தொடவே மாட்டீங்கல்ல?” என்று ஒரு சார் கேட்டார்.

அதே மூச்சை எட்டு வயதில் எங்கள் கரையில் கேட்டேன். அப்பாவின் வலையில் சிக்கிய கடல்பசு மணலில் உயிரோடு கிடந்தது. வலையை அறுத்து அதைக் கடலில் விட, அப்பா கத்தி எடுத்தார்.

“ஏலே கிறுக்கா, கிறிஸ்துமஸ் கறி நம்மளத் தேடி வந்திருக்கு. ஊரே சட்டியோட நிக்கு, பாரு!” என்று பெரியப்பா அதட்டினார்.

அப்பா கத்தியை அவரிடம் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் வீரம். நான் அந்தக் கறிக்குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

“மாட்டோம் சார்,” என்றேன். அவர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். சிரித்துத் தொலைத்தேன்.