கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

துறைமுக வாசலில் மாமா ஓர் அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்ற காட்சிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. சட்டை வாங்கி வந்த பெட்டியின் மூடியை வெட்டி, அதில் நான் ஆங்கிலத்தில் பெயர் எழுதிக் கொடுத்த அட்டை. எதிரே ஆள் யாரும் இல்லை. வாசல் காவலர்கூட நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கப்பல் வெகு தூரத்தில், கடலுக்குள், விளக்குகளை இன்னும் அணைக்காமல் நின்றது. புதுச்சேரியில் கரையோரம் ஆழம் போதாது. அவ்வளவு பெரிய கப்பல் வந்தால் வெளியிலேயே நிற்கும், ஆட்களைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள். முதல் படகு வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. "கைய கீழ போடுங்க மாமா, யாருக்குக் காட்டறீங்க, மீனுக்கா?" என்றேன். "அவங்க பைனாகுலர் வெச்சிருப்பாங்க பாப்பா" என்றார். எனக்கு அப்போதே முப்பது தாண்டிவிட்டது, ஒரு பிள்ளைக்கு அம்மா. மாமாவுக்கு மட்டும் பாப்பா.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மில்லில் வேலை பார்த்தவர். சங்கு ஊதி கேட்டை மூடிவிட்டால் அன்றைய கூலி போச்சு என்று பதினெட்டு வயதிலிருந்து ஓடிப் பழகியவர். மில் மூடிய பிறகு ஒரு காரை வாங்கி, உழவர்கரையில் ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்து அறையில் டிராவல்ஸ் போர்டு மாட்டினார். சங்கு நின்றதே தவிர, ஓட்டம் நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் போனால் சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவார். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கண் விழிப்பதற்கு முன்பே அவர்கள் அறைக் கதவைத் தட்டி, நல்ல நேரம் முடியப் போகிறது என்று கிளப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் பல் தேய்க்காமல் மாலை போட்டுக்கொண்டதாக இன்றைக்கும் என்னைக் குத்திக் காட்டுவார்.

மாமாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அவர் யாரிடமும் உண்மையான நேரத்தைச் சொல்லமாட்டார். எட்டு மணிக்கு வண்டி என்றால் ஏழு என்பார். இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? நம் ஊரில் எவர்தான் சொல்கிறார்? பத்திரிகையில் ஒரு நேரம், அத்தைக்கு ஒரு நேரம், வீடியோக்காரருக்கு ஒரு நேரம் என்றுதானே கல்யாணமே நடக்கிறது. ஆனால் மற்றவர்கள் இதை விசேஷத்துக்கு விசேஷம் செய்தார்கள், மாமா மூச்சு விடுகிற மாதிரி செய்தார். அவரிடம் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கப் போய், அந்தப் புத்தி எனக்கும் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

அந்த அட்டையில் இருந்த பெயருக்கு உரியவரை நாங்கள் கப்பல் அம்மா என்றுதான் சொல்வோம். ஸ்காட்லாந்துக்காரர், பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய மெயில் ஒரு கதை. இரண்டு முழங்காலையும் ஆபரேஷன் செய்து மாற்றியாயிற்றாம். பயிற்சி கொடுத்த இடத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்ததாம், பெரிய பெரிய பாறைகள் அடுக்கி வைத்தாற்போல ஒரு மலை, உச்சியில் கோட்டை. அதைப் பார்த்துக்கொண்டேதான் வலியோடு காலை நீட்டி மடக்கினாராம். கீழே பெயர் போட்டிருந்தது செஞ்சி. கப்பல் புதுச்சேரியில் ஒரு பகல் நிற்கிறது, கப்பல்காரர்களின் சுற்றுலா கடற்கரைத் தெருக்களோடு முடிந்துவிடுகிறது, எனக்குத் தனியாக ஒரு கார் வேண்டும், ராஜகிரியின் உச்சிக்கு ஏற வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், எந்தப் படி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை என்று கடைசியில் ஒரு வரி. படித்ததுமே எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

பயமும் அதிலேயே இருந்தது. கப்பல்காரர்கள் கூட்டிப்போகிற பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. கடைசிப் படகை விட்டால் பெட்டி படுக்கையெல்லாம் கொழும்புக்குப் போய்விடும், ஆள் மட்டும் இங்கே நிற்கும். இதைச் சொன்னதும் அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ, அப்புறம் நம்ம வூட்லதான் வெச்சுக்கணுமா? முட்டி மாத்துன பொம்பளைன்றே, நம்ம பாத்ரூம்ல எப்டிடி உக்காருவாங்க?" மாமா மேற்கூரையைப் பார்த்தார். கொழும்புக்குத் தன் காரிலேயே கொண்டுபோய் விடுவதற்கு வழி உண்டா என்று யோசிப்பது போல இருந்தது.

கடைசிப் படகு ஐந்து மணிக்கு என்று மெயிலில் இருந்தது. மாமாவிடம் நான் நாலு என்றேன். உலகத்திலேயே நேரத்துக்குப் பயந்த மனிதரிடம் போய் எதற்காக ஒரு மணி நேரத்தைக் குறைத்தேன் என்றால், பயம்தான். திண்டிவனத்தில் நெரிசல், டயர் பஞ்சர், அந்த அம்மாவின் முழங்கால், எல்லாம் கண் முன்னே வந்து நின்றன. ஒரு மணி நேரத்தை யாருக்கும் தெரியாமல் முடிந்து வைத்துக்கொண்டதில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கப்பல் அம்மா முதல் படகிலேயே வந்து இறங்கினார். நெட்டையான உடம்பு, வெள்ளைக் கிராப்பு, இரண்டு கையிலும் இரண்டு ஊன்றுகோல். அட்டையைப் பார்த்ததும் ஊன்றுகோலை ஆட்டிக் காட்டினார். அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறும் உருளைக்கிழங்கும் மடியில் மணக்க மணக்க செஞ்சி போய்ச் சேர்ந்தோம். எத்தனையோ பேரை அங்கே அழைத்துப்போனவர் மாமா. ஒரு நாளும் மலை ஏறியதில்லை. கீழே வண்டியை நிறுத்தித் துடைத்துக்கொண்டே வாட்சைப் பார்ப்பதுதான் அவருக்குக் கோட்டை. அன்றும் எங்களை வழக்கமான கைடிடம் ஒப்படைத்துவிட்டு நிழலுக்குப் போனார். கைடு பெரிய மீசைக்காரர், கோட்டையை ஆண்ட ராஜாவைத் தன் பெரியப்பா மகனைப் போலப் பேசுகிறவர்.

கப்பல் அம்மா ஏறிய அழகைச் சொல்ல வேண்டும். ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு சிரிப்பு. வழியில் ஒரு குரங்கு புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் திட்டிக்கொண்டே துரத்தினேன், அவர் அதற்கும் சிரித்தார். மலைக்கு நடுவில் கமலக்கண்ணி அம்மன் கோயிலை எட்டியபோது வெயில் ஏறியிருந்தது. அங்கேதான் கைடு கைக்கடிகாரத்தைத் தட்டினார். "மேடம், டைம் ஆச்சு. இத்தோட எறங்கிடலாம். மேல ஒண்ணும் கெடையாது, இதே மாதிரி கல்லுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி மலைதான் முடிந்திருந்தது. என்ன பேசுகிறோம் என்று கப்பல் அம்மா கேட்டார், சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஊன்றுகோல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வேண்டுமானால் நீங்கள் இறங்குங்கள், வழியை மட்டும் காட்டிவிட்டுப் போங்கள், இவ்வளவு தூரம் வந்து பாதியைப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னால் முடியாது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்பவே எதுக்கு எறங்கணும்? இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு!" என்று கைடிடம் பாய்ந்தேன்.

"நேரமா? மூணு மணிக்குத் துறைமுகத்துல இருக்கணும்னு சார் சொன்னாரு மேடம். நான் சேஃப்டிக்கு ரெண்டுன்னு வெச்சு வேலை பாக்கறேன்."

மாமாவுக்குப் போன் போட்டேன். "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார் அமைதியாக. "நீ நாலுன்னியே. அதுல ஒண்ணு கழிச்சேன்."

வேறு வழியில்லை. "மாமா, மெயில்ல இருந்தது அஞ்சு."

கொள்ளை போன வீட்டுக்காரர் குரலில் கேட்டார்: "எங்கிட்டயேவா?"

"மாமா, அது வந்து..."

"அங்கியே நில்லு. வரேன்."

வந்தார். ஜென்மத்தில் அந்த மலையை ஏறாத மனிதர், என்னைத் திட்டுவதற்காக ஏறி வந்தார். ரப்பர் செருப்பு, கையில் கார் சாவி, சட்டை முழுக்க வேர்வை. வந்து நின்று வாயைத் திறந்தால் மூச்சு மட்டும்தான் வருகிறது. "நானு... இருவது வருசமா... ஊருக்கே... எனக்கே..." என்று தவணை முறையில் திட்டினார். கப்பல் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ பாவம் தன்னைப் போலவே கஷ்டப்பட்டு ஏறுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடித்து முடித்ததும் ஓர் ஊன்றுகோலையும் நீட்டினார். மாமா அதையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் யாரும் எதுவும் முடிவு செய்யவில்லை. கப்பல் அம்மா எழுந்து மேலே நடந்தார், மாமா பின்னால் நடந்தார், திட்டு முடியவில்லை என்பதால் நானும் கூடவே போக வேண்டியிருந்தது.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை பிளந்து கிடக்கிறது. மேலே ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டிப் போனால் காற்று ஆளையே தள்ளுகிறது. கப்பல் அம்மா மதில் ஓரமாக நின்று நாலு திசையும் பார்த்தார். பிறகு குனிந்து தன் இரண்டு முழங்கால்களையும் தட்டிக் கொடுத்தார், நல்ல மார்க் வாங்கி வந்த பிள்ளைகளைத் தட்டுவதுபோல. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவே இல்லை. அதைப் பார்த்து எனக்கும் ஓடியது. கைடு வரலாறு சொல்ல ஆரம்பித்து, யாரும் கேட்காததால் நிறுத்திக்கொண்டார். மாமா வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா! நம்ம வண்டி தெரியுது!" என்று கத்தினார்.

திரும்பும் வழியில் திண்டிவனத்தில் ஓர் ஊர்வலம் குறுக்கே போனது. மாமாவின் கால் பிரேக்கின் மேல் தந்தி அடித்தது. கப்பல் அம்மா பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவரை எழுப்பாமல் மாமாவைத் தேற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் ஐந்துக்கு நிறைய முன்னாலேயே துறைமுக வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கடைசிப் படகைப் பிடித்தாயிற்று என்று நான் இங்கிலீஷில் மூச்சு விட்டேன்.

கப்பல் அம்மாவின் முகம் சிவந்தது. எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். கடைசிப் படகு ஐந்துக்கு இல்லையாம், ஆறுக்காம். தெரியாத ஊரில் தெரியாத டிரைவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் குறைத்து எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். மாமா அந்த அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்களுமா!" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இருமி, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். கப்பல் அம்மாவும் சேர்ந்துகொண்டார். காவலர் எங்களைப் பைத்தியங்களைப் போலப் பார்த்தார். படகு ஏறும்போது அந்த அம்மா மாமாவிடம் ஊன்றுகோலைத் திருப்பி வாங்க மறந்து, மாமா கொடுக்க மறந்து, நான் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் மாமா காரில் இல்லை. கரையோரக் கல் ஒன்றில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது, அக்கா. "வேலை முடிஞ்சிடுச்சு. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த நிமிஷம் என் போன் அலறியது. "ஏய், உண்மையச் சொல்லு. எந்த ஆஸ்பத்திரில இருக்கீங்க?"

"துறைமுகத்துல இருக்கோம்க்கா. நல்லாத்தான் இருக்காரு."

"பொய் சொல்லாத! சும்மா உக்காந்துட்டு வரேன்றாருடி! இத்தினி வருசத்துல அந்த மனுசன் சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல!"

ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க். இறங்கிய வேகத்தில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு வாய்க்கு வந்தபடி வைதாள். மாமா நகர்ந்து இடம் விட்டு, "உக்காரு" என்றார். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் காருக்கு வந்துவிட்டேன். சுண்டல்காரர் போனார், அக்கா கூப்பிட்டு வாங்கினாள். இருட்டும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

மறுநாளே மாமா பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டார், கடைசிவரை ஓடினார். இப்போது டிராவல்ஸ் என் பொறுப்பு. போன தடவை கப்பல் வந்தபோது அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அதே கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சொன்னாள்: "கடலுக்குப் பக்கத்துலயே இத்தினி வருசம் குடும்பம் பண்ணேன். அவரோட உக்காந்து பாத்தது அந்த ஒரு சாயங்காலந்தான்டி. அதுவும் அந்த வெள்ளைக்காரம்மா பொய் சொன்னதால."